எங்கள் அரசு தானாகவே எடுத்த முடிவு

சிட்னியில் நான் பார்க்கும் வேலையை மதுரையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. "பேங்க்கா?" என்று கேட்பார்கள். இல்லை. "கவர்ன்மென்ட்டா?" அதுவும் இல்லை. ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்வதற்கு முன்னால், அந்த நாடுகள் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றனவா என்று பார்த்து அறிக்கை எழுதிக் கொடுக்கும் ஆலோசனை நிறுவனம் எங்களுடையது. கடன் கொடுத்தவர்கள் எங்களுக்குக் கூலி தருகிறார்கள். அந்தக் கூலியை ஏழை நாட்டுக்குச் செய்த உதவி என்று தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அந்த வகையில், மத்தியானம் துறைமுகத்தைப் பார்த்தபடி நான் குடிக்கும் காப்பியும் ஆப்பிரிக்காவுக்கான உதவிதான்.

ஆடி மாதத் துணிக்கடைக்கும் கடனுக்கும் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது: தள்ளுபடி. வேலையில் சேர்ந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு பொருத்தமாகத் தெரிந்தது. இரண்டிலும் உள்ளே நுழைந்தவர்கள் வெளியே வரும்போது நினைத்ததைவிட அதிகமாகச் செலவழித்திருப்பார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு சொல்லுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஓனர்ஷிப். நிபந்தனைகளை யாரும் திணித்ததாக இருக்கக் கூடாது. அந்த நாடே ஆசைப்பட்டுக் கேட்டதாக இருக்க வேண்டும். ஆகவே நிதியமைச்சர் ஒரு கடிதம் எழுதுவார். இன்னின்ன மானியத்தை வெட்டுவது, இன்னின்ன கட்டணத்தை உயர்த்துவது என்று எங்கள் அரசு முடிவெடுத்திருக்கிறது என்பார். கடன் கொடுத்தவர்கள் அதைப் படித்து, அடடா, நாமும் இதையேதான் நினைத்தோம் என்று மகிழ்வார்கள். அந்தக் கடிதத்தை எழுதுவது நான். குவேக்கர்ஸ் ஹில்லில் ரயிலேறி, உட்கார இடம் கிடைத்தால், மத்திய நிலையம் வருவதற்குள் ஒரு பக்கம் முடித்துவிடுவேன். அந்த நாட்டின் தலைநகரை நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் "எங்கள் மக்களின் நீண்டகால விருப்பத்துக்கு இணங்க" என்று எழுதும்போது கை கொஞ்சமும் தயங்காது.

நான் சொல்லவரும் நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடற்கரை இல்லாத, சோளம் விளைகிற, மரியாதையான ஒரு நாடு. அதன் கடன் நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒரு சர்க்கரை ஆலைக்காக வாங்கிய கடன். இயந்திரங்களையும் கடன் கொடுத்தவர்களிடமிருந்தே வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. இயந்திரங்கள் வந்தன, ஓடவில்லை. கடன் மட்டும் நன்றாக ஓடியது. அதைக் கட்ட இன்னொரு கடன், அதன் வட்டிக்கு மற்றொன்று. வாங்கிய அசலை எப்போதோ கட்டி முடித்துவிட்டார்கள். இப்போது மன்னிக்கப்போவது வட்டி போட்ட குட்டியை.

நான் அவர்களுக்காக எழுதிய கடிதத்தில் எனக்கே பிடித்த வாக்கியம் ஒன்று இருந்தது. "அரசுப் பணிகளில் புதிய நியமனங்களை நிறுத்திவைப்பதென்று எங்கள் அரசு தானாகவே முடிவெடுத்துள்ளது." அந்தத் 'தானாகவே' நான் சேர்த்தது. எங்கள் மேலாளர் படித்துவிட்டு, "பிரமாதம், அவர்களுடைய குரலே கேட்கிறது," என்றார். அவர் நல்ல மனிதர். சைக்கிளில் வேலைக்கு வருவார், மாமிசம் தொடமாட்டார், ஆப்பிரிக்காவுக்கு விடுமுறையில் போய் யானை பார்த்துவிட்டு வந்தவர்.

கடிதத்தை இறுதி செய்ய அந்த நாட்டின் நிதியமைச்சகத்திலிருந்து ஓர் அம்மாள் சிட்னிக்கு வந்தார். அங்கே கடன் பிரிவுக்கு அவர்தான் இயக்குநர். அமைச்சர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், மஞ்சளும் நீலமுமாகத் தலையில் கட்டிய துணி, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் சிரிப்பு. விமான நிலையத்தில் அவரை அழைத்துவர என்னை அனுப்பினார்கள். "உனக்கும் அவருக்கும் நிறைய ஒற்றுமை இருக்கும்," என்றார் மேலாளர். என்ன ஒற்றுமை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார். காரில் ஏறியதும் காரணத்தைச் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"உனக்காக எங்க ஏரிக் கருவாடு கொண்டுவந்தேன். சோதனை அதிகாரி பையைத் திறந்து பாத்தார். ரொம்ப மரியாதையான பையன். ரெண்டு வழி இருக்குன்னான். காசு கட்டினா மருந்தடிச்சு அப்புறமா தருவாங்களாம். இல்லேன்னா அவங்ககிட்டயே விட்டுட்டா அழிச்சிருவாங்களாம். முடிவு முழுக்க உங்களுடையதுதான் மேடம்னான்."

"என்ன செஞ்சீங்க?"

"அழிக்கச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பழக்கம்தானே!"

கார் அதிரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் அது என்னைப் பார்த்துச் சொன்னதோ என்று தோன்றியது.

மறுநாள் கூட்டம். ஜன்னல் நிறையக் கடல் தெரியும் அறை. மேசையில் பிஸ்கட், பழம், பளபளவென்று அச்சடித்த என் கடிதம். அவர் பென்சிலை வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு தலையைத் தூக்கி, "ரொம்ப அழகா இருக்கு. எங்க அமைச்சருக்கு இவ்வளவு நல்ல ஆங்கிலம் வராது. படிச்சா அவரே ஆச்சரியப்படுவார்," என்றார்.

மேலாளர் பெருமையோடு என்னைப் பார்த்தார்.

மின்கட்டணம், உர மானியம் எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாகக் கடந்து போனார். அங்கங்கே பெருமூச்சு விட்டாரே தவிர எதிர்க்கவில்லை. என் வாக்கியத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"இந்த நியமன நிறுத்தத்துல செவிலியர்களும் வர்றாங்களா?"

"எல்லா அரசுப் பணியும் வரும்," என்றார் மேலாளர். "சம்பளச் செலவுக்கு ஒரு மேல்வரம்பு இருக்கிறதே."

"எங்க அரசுக் கல்லூரியில வருஷா வருஷம் பொண்ணுங்க படிச்சு வெளியே வர்றாங்க. எங்க செலவுல படிச்சவங்க. ஏற்கெனவே ஒரு தடவை இப்படி நிறுத்தினப்போ வேலை குடுக்க முடியல. பாதிப் பேர் சந்தையில தக்காளி வித்தாங்க. என் தங்கச்சி ஊர்ல பிரசவ அறைக்குப் பூட்டுப் போட்டிருக்கு. கட்டில் இருக்கு, விளக்கு இருக்கு. பிள்ளையைப் பிடிக்கத்தான் ஆள் இல்ல."

மேலாளர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். "உங்கள் வலி எனக்குக் கேட்கிறது," என்றார். எங்கள் அலுவலகத்தில் இதற்குப் பயிற்சி வகுப்பே உண்டு. வலி கேட்டதாகச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட வேண்டும். போனோம்.

ஞாயிற்றுக்கிழமை அவரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். ஹோட்டல் சாப்பாடு அலுத்துவிட்டது என்று சொல்லியிருந்தார். கோழிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, ரசம், அப்பளம். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அங்கிளையும் கூப்பிட்டிருந்தேன். அவர் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். உலகத்தில் எந்த நாட்டு விவகாரமானாலும் அதற்கு அவரிடம் ஒரு தீர்வு இருக்கும்.

அந்த அம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, எங்கள் எல்லோரையும்விட லாவகமாகச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். விருந்தாளிக்காக எடுத்துவைத்திருந்த கரண்டியும் முள்ளும் தொடப்படாமல் கிடந்தன. அங்கிள் இரண்டாவது அப்பளத்தை நொறுக்கியபடி ஆரம்பித்தார்.

"குறை நினைக்காதேங்கோ. கடன் எண்டால் கட்டத்தானே வேணும்? நான் இந்த நாட்டுக்கு ஒரு பெட்டியோட வந்தனான். எனக்கு ஒருத்தரும் தள்ளுபடி தரேல்லை."

"உண்மைதான் அங்கிள்," என்றார் அவர். நான் கூப்பிடுவதைப் பார்த்து அவரும் அங்கிள் என்றே அழைத்தார். "இந்த வீட்டுக்கு வாங்கின கடனை முடிச்சிட்டீங்களா?"

"முடிக்கிறதோ? இந்த வீட்டை வச்சுத்தானே இன்னொரு வீடு வாங்கினனான். அதை வச்சு மெல்போர்ன் டண்டினொங்கில மகனுக்கு ஒண்டு."

"அப்போ மூணு கடன்."

"ஓம். ஆனா அது கடன் இல்லைப் பிள்ளை, முதலீடு."

"பேங்க்ல என்ன நிபந்தனை போட்டாங்க? வீட்டுல சமையலைக் குறைக்கச் சொன்னாங்களா? பிள்ளைங்க படிப்பை நிறுத்தச் சொன்னாங்களா?"

"சேச்சே, அதுகள் ஏன் எங்கட குசினிக்குள்ள வரப்போகுதுகள்?"

சொல்லிவிட்டு அங்கிள் கொஞ்சம் யோசித்தார். பிறகு கத்தரிக்காய்க் கூட்டு அருமை என்று என்னிடம் சொன்னார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விருந்தாளியைக் குளிர்விக்க வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, என் கணவர் வாயைத் திறந்தார். மேற்கு சிட்னியில் ஒரு மருத்துவமனையில் செவிலியர்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருக்கிறார் அவர்.

"உங்க நாட்டு நர்ஸுங்க சூப்பர், மேடம். போன வருஷம்தான் எடுக்க ஆரம்பிச்சோம். அவ்வளவு பொறுமை, அவ்வளவு திறமை. எங்களுக்கு ட்ரெயினிங் செலவே இல்ல. இன்னும் எத்தனை பேர் வந்தாலும் எடுத்துக்குவோம்."

அந்த அம்மாளின் கை சோற்றில் நின்றது. "அவ்வளவு சீக்கிரமா எப்படிக் கிடைக்கிறாங்க?"

"அதான் அதிசயம்! மத்த நாட்டுல எல்லாம் வேலையை விட்டுட்டு வரணும், நோட்டீஸ் பீரியட் அது இதுன்னு மாசக்கணக்குல இழுக்கும். உங்க ஊர்ல படிச்சிட்டுச் சும்மாவே இருக்காங்க. கூப்பிட்ட உடனே வந்துடறாங்க. ஏன் அப்படின்னுதான் புரியல."

அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் ரசக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்?" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அக்கறையாக யாருக்கும் ரசம் ஊற்றியதில்லை.

அவர் ரசத்தைக் குடித்து முடித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அன்று காரில் கேட்ட அதே சிரிப்புதான், ஆனால் இப்போது நிறுத்த முடியாமல் கண்ணில் நீர் வழிந்தது. எதற்கென்று தெரியாமலே அங்கிளும் சேர்ந்து சிரித்தார். என் கணவருக்கு ஒரே சந்தோஷம். தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று.

அவரை ஹோட்டலில் விட்டுவிட்டு வந்து, பாத்திரம் கழுவும்போது கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஈரத் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அப்போ, அங்க அவங்களுக்கு வேலை குடுக்காதேன்னு எழுதறது நீ?"

"நான் இல்ல. அவங்க அரசாங்கம்."

"எழுதறது நீதானே?"

"ஆமா."

"போன தடவையும் இப்படித்தான் எழுதி நிறுத்தியிருப்பீங்க. அதனாலதான் அவங்க சும்மா இருக்காங்க. அதனாலதான் எனக்குச் சீக்கிரம் கிடைக்கிறாங்க." அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். "ஒரு வகையில பாத்தா நாம ரெண்டு பேரும் டீம் வொர்க் பண்றோம்," என்றார்.

நான் அவரிடமிருந்து தட்டைப் பிடுங்கித் துடைத்தேன். "அந்த நாட்டுலேர்ந்து எடுக்காம இருக்க முடியுமா?" என்று கேட்டேன். "அவங்களா அப்ளை பண்றாங்கம்மா, வேண்டாம்னு எப்படிச் சொல்றது? அது பாகுபாடு ஆயிடும்," என்றார். சட்டப்படி அவர் சொன்னதும் சரிதான். எங்கள் வீட்டில் எல்லோரும் சட்டப்படி சரியாகத்தான் இருக்கிறோம்.

திங்கட்கிழமை அந்த அம்மாள் சீக்கிரமாகவே வந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு புதுப் பத்தி. "இது எங்க கடிதம்தானே? ஒரு பத்தி சேக்கணும்," என்று மேலாளரிடம் நீட்டினார். மேலாளர் உற்சாகமாகச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"எங்கள் செலவில் பயிற்சி பெற்ற செவிலியர்களை ஆஸ்திரேலியாவுக்கு இலவசமாக அளித்துவருவதை, ஆஸ்திரேலிய மக்களுக்கு நாங்கள் செய்யும் வளர்ச்சி உதவியாகக் கருதுவதென்று எங்கள் அரசு தானாகவே முடிவெடுத்துள்ளது. இவ்வுதவி தொடர வேண்டுமானால், உதவி பெறும் நாடு பின்வரும் சீர்திருத்தங்களைத் தன் சொந்த விருப்பத்தின்பேரில் மேற்கொள்ள வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீட்டுக்கு மேல் கடன் தரக் கூடாது. ஆலோசனை நிறுவனங்களில் புதிய நியமனங்களை நிறுத்திவைக்க வேண்டும். முன்னேற்றத்தைப் பார்வையிட எங்கள் நிபுணர் குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். துறைமுகம் தெரியும் அறைகளில் தங்கும். செலவு உதவி பெறும் நாட்டுடையது."

பாதியிலேயே மேலாளரின் குரல் தேய்ந்துவிட்டது. கடைசியில் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. மேலாளர் சிரிப்பை நிறுத்தினார்.

"இது உங்கள் கடிதம்," என்றார். "நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால், இதை எழுத முடியாது."

"ஏன்?"

"கடிதத்தின் நோக்கத்துக்குப் பொருந்தாது."

"யாருடைய நோக்கம்?"

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். ஒரு படகு போய்க்கொண்டிருந்தது.

"சரி," என்று அந்த அம்மாள் பேனாவை மூடினார். "இது என் கடிதம் இல்லைன்னா, கையெழுத்தும் என்னது வேண்டாம். எழுதினவங்களே போடட்டும்." நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, அடுத்த அறைக்குப் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டார்.

கடன் தந்தவர்களின் கூட்டம் அந்த வாரக் கடைசியில். கையெழுத்து இல்லாவிட்டால் தள்ளுபடி தள்ளிப்போகும். எங்களுக்கு வர வேண்டிய கடைசித் தவணையும் தள்ளிப்போகும். எங்களுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் மேலாளருக்கு நினைவு வந்தது போலிருந்தது. தொலைபேசியை எடுத்துக்கொண்டு நடைபாதையில் மேலும் கீழும் நடந்தார். யார் யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்பினார். சைக்கிள் ஓட்டும்போதுகூட அவர் அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் பதில் வந்தது. நியமனங்களை நிறுத்தும் வாக்கியத்தை மாற்ற முடியாது, அடிக்குறிப்பு போடலாம். கிராமப்புற மகப்பேறு நிலையங்களுக்குச் செவிலியரை நியமிப்பது இந்த நிறுத்தத்தில் அடங்காது.

"பத்திக்குள்ளேயே போடுங்க," என்றார் அவர்.

"அடிக்குறிப்பாகத்தான் ஒத்துக்கொண்டார்கள்."

"நகரத்து மருத்துவமனைங்க?"

"அது முடியாது."

அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து அந்த வாக்கியத்தை மறுபடி படித்தார். தங்கையின் ஊரை நினைத்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் கேட்டது வேறு. "அடிக்குறிப்பு எழுத்து எவ்வளவு பெரிசா இருக்கும்? எங்க அமைச்சருக்குக் கண் சரியாத் தெரியாது."

எங்கள் நிறுவனத்தின் வடிவமைப்பு விதிக்கு விரோதமாக, அடிக்குறிப்பை மேலே இருக்கும் எழுத்தின் அளவுக்கே நான் தட்டச்சு செய்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர் தன் புதுப் பத்தியை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார். விமான நிலையத்தில் என்னை அணைத்து, "உன் ரசத்தை மறக்க மாட்டேன்," என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கடன் தள்ளுபடியானது. எங்கள் அறிக்கையில் மேலாளர், அந்த நாடு காட்டிய ஓனர்ஷிப் மற்றவர்களுக்கு முன்மாதிரி என்று எழுதினார். பேச்சுவார்த்தையில் அவர்கள் சொந்தமாக ஓர் அடிக்குறிப்பே சேர்த்ததை அதற்குச் சான்றாகக் காட்டினார். மெல்போர்னில் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். போய், கைதட்டலோடு திரும்பிவந்தார்.

அலுவலகத்தில் ஒரு கொண்டாட்டமும் வைத்தோம். அந்த அம்மாளைத்தான் முக்கிய விருந்தினராக அழைத்திருந்தோம். முதல் முறை எங்களுக்கு அவர் கையெழுத்து தேவைப்பட்டதால் ஓடியாடி விசா வாங்கிக் கொடுத்தோம். இம்முறை சாதாரண வரிசையில் விண்ணப்பித்தார். வங்கியில் சொந்தச் சேமிப்பு எவ்வளவு, திரும்பிப் போவதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாட்டின் கடன் முழுவதையும் கையாள்பவர், தன்னிடம் போதிய பணம் இருக்கிறது என்று நிரூபிப்பதற்குள் விழா நாள் வந்துவிட்டது.

ஆகவே திரையில் வந்தார். "நண்பர்களே," என்றார். படம் உறைந்துவிட்டது. வாய் பாதி திறந்திருக்க, மஞ்சள் நீலத் தலைத்துணியோடு அவர் முகம் சுவர் அளவுக்கு அசையாமல் நின்றது. சற்று நேரம் காத்திருந்தோம். பிறகு மேலாளர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கேக் வெட்டினார். எல்லோரும் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். புகைப்படத்தில் அவர் பேசிக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து, ஒரு மாலை நான் ரயிலில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது அவரே எனக்குப் போன் செய்தார். அடிக்குறிப்பு வேலை செய்கிறது என்றார். அமைச்சரிடம் அதை விரலால் தொட்டுக் காட்டி நியமன உத்தரவுகளை வாங்கியிருக்கிறார். தங்கை ஊரில் பிரசவ அறையைத் திறந்துவிட்டார்கள். மின்கட்டணம் ஏறியதால் விளக்கை அளந்துதான் போடுகிறார்களாம். "பகல்ல பெத்துக்கச் சொல்லியிருக்கோம்," என்று சிரித்தார்.

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"என்னை மாத்திட்டாங்க. கடன் கொடுத்தவங்ககிட்ட மரியாதை இல்லாம நடந்துக்கிட்டேன்னு யாரோ அமைச்சர்கிட்ட சொல்லியிருக்காங்க. இப்போ விளையாட்டுத் துறையில இருக்கேன்."

யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எங்கள் அலுவலக மாடியிலேயே விடை கிடைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. எங்கள் மேலாளர் நல்லவர் என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

"கஷ்டமா இருக்கா?"

"இங்கேயா? பொண்ணுங்க கால்பந்து அணியை நான்தான் பாத்துக்கறேன். அவங்களுக்கும் கடன் இருக்கு. பஸ்காரனுக்குக் குடுக்கணும், சோறு போட்டவளுக்குக் குடுக்கணும். ஆனா ஒருத்தரும் எங்களைக் கடிதம் எழுதச் சொல்றதில்ல."

பின்னால் ஒரே கூச்சல். யாரோ விசில் ஊதினார்கள். "இரு, இரு, பெனால்ட்டி குடுத்துட்டான்," என்றவர், எனக்குப் புரியாத மொழியில் யாரையோ பார்த்துக் கத்தினார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. ஆட்டம் என்னவாயிற்று என்று தெரியாமல், ரயில் பிளாக்டவுனைத் தாண்டும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன்.